கஞ்சி கழுவிய வெள்ளை டுட்டு

லெனின்கிராட்,
14 ஜனவரி 1942

என் கண்ணு ரிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், முற்றுகையில் கிடக்கும் இந்த ஊரில் இப்போது அதற்கு மேல் யாரும் நலம் சொல்லிக்கொள்வதில்லை. நீ அந்த உரால் மலைக் குளிரில் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை உறைந்த ஏரிப் பனிமேல் லாரி ஓட்டுகிற யெகோர் கொண்டுவந்து கொடுத்தான். செம்படை நாளன்று காயம்பட்ட சிப்பாய்களுக்கு முன்னால் முதன்முதலாகத் தனியாக ஆடப்போகிறாய் என்று படித்ததும் அம்மா அழுதுவிட்டாள். நாடகக் கம்பெனி அங்கே கிளம்பிய அவசரத்தில் இங்கேயே விட்டுப்போன உன் வெள்ளை டுட்டுவை, அந்தப் பாலே பாவாடையைக் கேட்டிருந்தாய். வரும். நான்கு மணிக்கு யெகோர் கிளம்புகிறான், இப்போது இரண்டரை. ஆனால் நீ பார்த்த விறைப்போடு வராது, நனைத்த கோழி மாதிரி தொங்கிக்கொண்டு வரும். அப்பாவைத் திட்டாதே, முழுக்கப் படி.

அம்மா படுக்கையை விட்டு எழுந்து ஒன்பது நாள் ஆகிறது. கால் வீங்கிவிட்டது. அவளுக்கு ஒரு நாளைக்கு இருநூறு கிராம் ரொட்டி, அதிலும் பாதி மரத்தூள். நேற்று நாடகசாலை மேனேஜரிடம் சீட்டு வாங்கி, நானும் அம்மாவும் வேலை பார்த்த தையலறையிலிருந்து உன் டுட்டுவை வீட்டுக்கு எடுத்துவந்தேன், வழக்கம்போலத் தலைகீழாகத்தான் பிடித்துக்கொண்டு, இல்லாவிட்டால் அடுக்குகள் தொங்கிவிடும் அல்லவா. ரொட்டி வரிசையில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி, ஏன் தாத்தா, பொண்ணு எங்க, வெறும் பூவ மட்டும் தூக்கிட்டுப் போறீங்க என்றாள். வரிசையே சிரித்தது, ரிம்மா. அந்த வரிசை சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மாதான் படுத்தபடியே அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏங்க, இத விறைப்பாக்க நாம எத்தன கிலோ உருளைக்கிழங்கு மாவு போட்டிருப்போம், திருப்பித் தரச் சொல்லுங்க என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

காலையில் இறகு தைத்த மேல் அடுக்கை மட்டும் உனக்காகப் பத்திரமாகப் பிரித்து எடுத்து வைத்தேன். மீதிப் பதினொரு அடுக்கையும் வெந்நீரில் அலசிப் பிழிந்தேன். அடியில் மாவு தங்கியது, இரண்டு கை அளவு இருக்கும். காய்ச்சி முழுவதையும் அம்மாவுக்கே ஊட்டினேன். கரண்டியை மட்டும் நான் நக்கினேன். உனக்குத் தெரியும், ஆகஸ்டில் தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள் என்று டுட்டுகளைத் தீப்பிடிக்காத மருந்தில் முக்கினோம், பன்னிரண்டு டுட்டுவோடு அந்த விஷ மருந்து தீர்ந்துபோனது. முக்கினதற்கெல்லாம் இடுப்புப் பட்டியில் சிவப்பு நூல் போட்டேன். உன் பட்டியில் சிவப்பு நூல் இல்லை, ஜார் காலத்திலிருந்து அதை உடுத்தினவர்கள் மையில் எழுதிய ஐந்து பெயர்களும் அதன் கீழே உன் பெயரும்தான் இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் தண்ணீரிலேயே போட்டேன்.

ஊட்டி முடித்து, மேல் அடுக்கைத் திரும்பத் தைக்க ஊசியை எடுத்தபோது பட்டியைப் பார்த்தேன். தையல் புதுசு. அம்மாவின் கைத்தையல். ஒருத்தியின் பட்டியில் இன்னொருத்தியின் பாவாடையை மாற்றித் தைப்பது நம் தையலறையில் தினப்படி வேலைதானே, அந்தப் பாழாய்ப்போன வழக்கம் எனக்கு மறந்துபோனது. அம்மாவை உலுக்கிக் கேட்டேன். ஆமாங்க, அக்டோபர்ல மாத்துனேன், ரிம்மாவோடது கிழிஞ்சிருந்துச்சு, யாரோடத எடுத்தேன்னு ஞாபகம் வரலியே என்றாள். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். இப்போதும் முனகுகிறாள். மருந்தில் முக்கின பாவாடையாக இருந்தால் என் கையாலேயே அவளுக்கு விஷம் ஊட்டியிருக்கிறேன். டாக்டர் நான்கு தெரு தள்ளி, நேற்று நாடகசாலைக்கு நடந்ததிலேயே என் பலமெல்லாம் போய்விட்டது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். பாவி நான், ரிம்மா, பாவி.

இரு. மேல் அடுக்கை நான் நனைக்கவே இல்லை. அதுவும் அதே பாவாடையினுடையதுதான். மருந்து ஏறியிருந்தால் அது எரியாது.

அடுப்பு அணைந்துவிட்டது, இரண்டே தீக்குச்சி இருந்தது. முதல் குச்சி ஈரத்தில் புகைந்து செத்தது. ஓரத்தில் விரல் நீளம் வெட்டி, அடுத்ததை உரசினேன். முப்பது வருஷமாக எந்தப் பாவாடையிலும் பொறி படக்கூடாது என்று வேண்டிக்கொண்டவன், பற்றிக்கொள், பற்றிக்கொள் தாயே என்று அந்தத் துணியைக் கெஞ்சினேன். குப்பென்று பிடித்தது! என் மீசையில் பாதி போயிற்று. கையைச் சுட்டுக்கொண்டு கிழவன் கெக்கலி கொட்டிச் சிரிக்கிறேன். உடனே படுக்கையிலிருந்து குரல் வருகிறது, என்ன தீய்ஞ்ச நாத்தம், பொண்ணோட பாவாடையக் கொளுத்திட்டீங்களா, புத்தி கெட்ட மனுஷா என்று. ஒன்பது நாளில் அவள் என்னைத் திட்டியது இதுதான் முதல் தடவை. வயிறு வலித்தது, காலியாகக் கிடந்த குடலில் ஒரேயடியாகக் கஞ்சி இறங்கியதால்தான் போலிருக்கிறது. இப்போது, உப்பு ஏன் போடல என்று அடுத்த விசாரணை நடக்கிறது.

கீழே யெகோர் ஹாரன் அடிக்கிறான். மேல் அடுக்கைத் திரும்பத் தைத்துவிட்டேன். இடது இடுப்புப் பக்கம் ஓரத்தில் வெட்டு இருக்கும், இறகை இழுத்து மறைத்துக்கொள். அம்மாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் உன் காலுக்கும் கணுக்காலுக்கும் உண்டு, நன்றாக ஆடு, வேளைக்குச் சாப்பிடு. அங்கே உருளைக்கிழங்கு கிடைக்கிறது என்று எழுதியிருந்தாய். டுட்டுவுக்குக் கஞ்சியைத் தடிப்பாகப் போடு, இன்னும் தடிப்பாக, அம்மா சொல்லச் சொன்னாள். தீயணைப்புக்காரன் எவன் வந்தாலும் கிட்டே விடாதே. ஆடி முடித்ததும் துவைக்காமல் அப்படியே திருப்பி அனுப்பு.

உன் அப்பா,
அர்ஹிப்