பத்து விரலும் ஒரு கூழ்த்தட்டும்

ஜூன் 4, திங்கள்

காலை 36.8. மாலை 37.1.

நர்ஸ் ஜோவிதா இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் இரண்டு வேளை குழந்தையின் சூட்டைக் குறித்து வைக்கச் சொன்னாள். மிச்ச இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். உங்கள் இஷ்டம் என்றாள். நான் ஐந்தாவது வரைதான் போனேன். எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

கிளாரிஸுக்கு நாளை மறுநாள் ஏழு மாதம். என் தங்கை ரோவேனா இவளைப் பெற்ற பதினோராம் நாள் காய்ச்சலில் போனாள். அதற்குள்ளேயே குழந்தைக்குக் குடல் முறுக்கிக் கறுத்துவிட்டது. வெட்டி எடுத்தார்கள். மீதி ஒரு சாண்கூட இல்லை. பால் கொடுத்தால் உடம்பில் ஒட்டாது. அதனால் நெஞ்சில் ஒரு குழாய் வைத்து, சாப்பாட்டை நேராக ரத்தத்தில் விடுகிறார்கள்.

அந்தக் குழாயை மாட்டவும் கழற்றவும் நான் கற்றுக்கொண்டால் வீட்டுக்கு அனுப்புவார்களாம். அதற்கு என் கை சுத்தம் என்று மூன்று முறை காட்ட வேண்டும். தேறாவிட்டால் அவள் இங்கேயே. இந்த வார்டில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு ஆபத்து என்று டாக்டரே சொல்கிறார்.

ஜூன் 6, புதன்

36.7. 36.9.

இன்று பை கலக்கும் அறையைக் கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். உள்ளே ஒரு பெண். கண் மட்டும்தான் தெரிந்தது. எதிரே சுவர் முழுக்கச் சல்லடை. அதிலிருந்து வடிகட்டின காற்று அவளை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. காற்றைக்கூட வடிகட்டுவார்கள் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அந்தக் காற்றுக்கும் குப்பியின் வாய்க்கும் நடுவில் அவள் கை ஒரு தடவைகூடக் குறுக்கே போகவில்லை. பூசையில் ஃபாதர் கிண்ணத்தைத் தூக்குவாரே, அவ்வளவு நிதானம்.

சர்க்கரை, உப்பு, கொழுப்பு எல்லாம் சேர்ந்து வெள்ளையாக ஒரு பை. அதன் மேல் சீட்டு: கிளாரிஸ். எங்கள் வீட்டில் பிறந்த யாருக்காவது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு, ஒருத்தி இப்படி மூச்சை அடக்கி நின்றிருக்கிறாளா? கண்ணாடியை விட்டு நகர மனம் வரவில்லை.

ஜூன் 8, வெள்ளி

36.9. 37.0.

முதல் சோதனை. சின்ன வட்டத் தட்டில் மஞ்சள் கூழ். கையுறை போடுவதற்கு முன்னால் பத்து விரலையும் அதில் மெல்ல அழுத்தச் சொன்னார்கள். அது என்ன என்று கேட்டேன். கடைத்தெருவில் ஜவ்வரிசியோடு போட்டுக் குடிக்கிறோமே, அதே கடற்பாசிக் கூழ்தான் என்றாள் ஜோவிதா. மூடி போட்டு என் பேர் எழுதினாள். நெனிதா.

ஒன்றை இங்கே மட்டும் எழுதுகிறேன். நான் சோப்புப் போட்டுக் கழுவவில்லை. காலையில் ஆறு வீட்டுத் துணி இஸ்திரி போட்டுவிட்டு வந்தேன். சூடு ஏறின கையில் தண்ணீர் பட்டால் பாஸ்மா என்கிற நோவு பிடிக்கும், நரம்பு கெட்டு ஆயுசுக்கும் கை நடுங்கும். அம்மாவுக்கு அப்படித்தான் நடுங்கியது. காபிக் கோப்பை வாய்க்கு வருவதற்குள் பாதி தரையில் இருக்கும். நடுங்குகிற கையோடு அந்தச் சின்னக் குழாய் வாயை எப்படிப் பிடிப்பேன்? ஜோவிதாவுக்கு முதுகைக் காட்டித் தொட்டி முன்னால் நின்று, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஸ்பிரிட்டை மட்டும் தேய்த்துக்கொண்டேன்.

ஜூன் 9, சனி

37.0. 37.0. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 11, திங்கள்

36.8.

தேறவில்லை.

தட்டைக் காட்டச் சொன்னேன். மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் பிடித்தாள். அம்மாடி. கூழின் மேல் என் பத்து விரலும் இருந்தது. வெள்ளைப் புள்ளி, மஞ்சள் புள்ளி, ஜவ்வரிசி வெந்த மாதிரி, வரிசை வரிசையாக. வலது கட்டைவிரல் அப்படியே தெரிந்தது, தழும்பு வளைவோடு. ஒவ்வொரு புள்ளியும் கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்றோ இரண்டோ போட்ட குட்டிகளாம். மூன்று நாளில் ஒரு ஊரே. நான் பயப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை உயிரை இவ்வளவு நாள் கையில் சுமந்திருக்கிறேன், ஒரு எறும்பு ஊர்ந்த உணர்ச்சிகூட இல்லை.

"தோல்ல இருக்கிற வரைக்கும் இதுங்க பாவம்க்கா, ஒண்ணும் செய்யாது," என்றாள் ஜோவிதா. "குழா வழியா ரத்தத்துக்குள்ள போனாதான் வினை."

அப்போதுதான் உறைத்தது. ரோவேனாவுக்கு வீட்டில்தான் பிரசவம். மருத்துவச்சிக்குக் கை உதவியாக இருந்தது நான்தானே. அன்றைக்கும் காலையில் இஸ்திரி. அன்றைக்கும் கழுவல. இந்தக் கையாலதான் அவளைப் பிடிச்சேன். இந்தக் கையாலதான் துடைச்சேன்.

ஐயோ ரோவே.

ஜூன் 14, வியாழன்

36.9. 36.8.

இன்று ஜோவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கழுவாததை, பாஸ்மாவை, பிரசவத்தை. கடைசியில் கேட்டேன், அந்தக் காய்ச்சல் என் கையிலிருந்து போனதா என்று.

குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். "இல்லன்னு சொல்லிட்டுப் போயிடலாம்க்கா. ஆனா எனக்குத் தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது."

அழவில்லை. ஏனோ அந்தப் பதில் கையில் பிடிக்க ஏதோ கொடுத்த மாதிரி இருந்தது. இத்தனை பேர் "விதி" என்றார்களே, ஒருத்தர்கூட இப்படி என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பாஸ்மாவுக்கு அவள் சிரிக்கவில்லை. அவள் அம்மாவும் அதையேதான் சொல்வாளாம். பிறகு என் விரலைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் கரி, தோல் முழுக்கத் துணிக்குப் போடுகிற கஞ்சிப் பசை. பசைக்கு மேல் ஸ்பிரிட் தேய்த்தால் அடியில் இருப்பது பத்திரமாகப் படுத்திருக்கும், முதலில் சோப்பும் தண்ணீரும்தான் என்றாள்.

"நடுங்குமே," என்றேன்.

"நடுங்கட்டும்க்கா. நடுங்குற கையால மாட்டலாம். அழுக்குக் கையால மாட்ட முடியாது."

கடிகாரம் பார்த்துக் கழுவ எனக்கு வரவில்லை. மூன்று மரியன்னை ஜெபம் சொல்லி முடிக்கிற வரை தேய்க்கச் சொன்னாள். ரோவேனாவை அடக்கம் செய்ததிலிருந்து நான் ஜெபம் சொன்னதே இல்லை. தொட்டி முன்னால் நின்று சொன்னேன். இரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. முதலில் இருந்து மறுபடியும் கழுவ வைத்தாள், ராட்சசி.

ஜூன் 15, வெள்ளி

இஸ்திரி முடித்து, கழுவி, பத்து விரலையும் அழுத்தினேன். கை நடுங்கியது. தட்டு மேசையில் கிடுகிடுத்தது. அவ்வளவுதான், இனி ஆயுசுக்கும் இப்படித்தான்.

ஜூன் 18, திங்கள்

தட்டில் ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை. தெளிந்த கூழ், அதில் விரல் அழுத்தின பள்ளம் மட்டும். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லாததை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 29, வெள்ளி

அடுத்த இரண்டு தட்டிலும் ஒன்றுமில்லை. மூன்று முறை ஆயிற்று.

ஜூலை 2, திங்கள்

36.9. வீட்டில்.

இஸ்திரி மேசையின் துணியை உருவிவிட்டுப் பலகையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். இனி மாலை ஐந்து மணிக்கு அது கிளாரிஸின் மேசை. ஜன்னல் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, வாயைக் கட்டிக்கொண்டேன். வேர்வை ஆறாக ஓடுகிறது. குழாய் வாயைப் பஞ்சால் பதினைந்து எண்ணுகிற வரை தேய்த்தேன். காய்கிற வரை ஊதக்கூடாது. மாட்டினேன். வெள்ளையாக மெல்ல நகர்ந்து அவள் நெஞ்சுக்குள் போனது. கொட்டாவி விட்டாள். சாப்பிடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

கை நடுங்கியது. பரவாயில்லை.

ஜூலை 3, செவ்வாய்

36.8. 36.8. பக்கத்து வீட்டுப் பசிங் அக்கா, என்னோடு இஸ்திரி போடுகிறவள், வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அடியே, சூட்டுக் கையைத் தண்ணியில விடுறியாமே. உங்கம்மா கோப்பை ஆடினது மறந்து போச்சா?" மறக்கவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 20, திங்கள்

36.7. 36.9. இப்போதெல்லாம் கை எப்போது நடுங்குகிறது என்று கவனித்தேன். கழுவினால் இல்லை. கழுவும்போது ரோவேனா முகம் ஞாபகம் வந்தால்.

நவம்பர் 17, சனி

36.8. 36.7.

ரோவேனா போய் ஒரு வருஷம். துக்கத்துக்குப் போட்டிருந்த கறுப்பு உடையைக் கழற்றினேன். ஜெபத்துக்குத் தெருவே வந்தது. எல்லோருக்கும் குழந்தையைத் தூக்க வேண்டும். கொல்லைக் குழாயடியில் சோப்பு வைத்து நின்றுகொண்டேன்.

"பிஷப் வந்தாலும் கழுவச் சொல்லுவியாடி?" என்றாள் பசிங் அக்கா.

"அவருக்கு நாலு ஜெபம்."

அவளும் வந்தாள். காலையில் இஸ்திரி போட்ட கை. ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே விட்டாள். மூன்று ஜெபமும் முழுசாகச் சொன்னாள்.

பிப்ரவரி 7, வியாழன்

36.8. 36.8.

மிச்சம் இருந்த குடல் தானாக நீண்டு, சாப்பாட்டை உறிஞ்சக் கற்றுக்கொண்டிருக்கிறதாம். டாக்டர் படம் காட்டினார். ஒரு சாண் குடலுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அரிசிக் கஞ்சி மூன்று கரண்டி உள்ளே போகிறது, ஒன்று என் முகத்துக்கு வருகிறது. இந்த வாரத்திலிருந்து வியாழக்கிழமைகளில் பை கிடையாது.

ஆனாலும் ஐந்து மணிக்குக் கால் தானாகக் குழாயடிக்குப் போய்விட்டது. கழுவினேன். மூன்று ஜெபம். தொடுவதற்கு ஒன்றும் இல்லாமல் ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தேன். கிளாரிஸ் தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்து அவள் கையையும் அப்படியே தூக்கினாள்.

தூக்கிக்கொண்டேன்.