கல்லை எங்கே வைப்பது, அப்பா?

என் அன்பான அப்பா,

சுகமா என்று கேட்க வாயெடுக்கிறேன்; கேட்டால் சிரிப்பீர்கள். இங்கே ஷ்லீரன் ஊரில் மழை. உங்கள் கல்லறை வரிசையில் ஒரு சின்னப் பலகை நட்டிருக்கிறார்கள். வருகிற வசந்தத்தில் அந்த வரிசையைக் கலைக்கப்போகிறார்களாம். எலும்புகள் மண்ணோடு கிடக்கும், மேலே புல் விதைப்பார்கள், கல்லை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். புதைத்துக் குறித்த வருஷங்கள் கழிந்தால் இந்த நாட்டில் எல்லோருக்கும் இதுதான் வழமை. ஆனாலும் பலகையைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

தேவாலயத்து ஞாயிறு வகுப்பில் நீங்கள் வேதாகமத்துப் பழைய எபிரேயரின் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வீர்கள். ஆடுகளோடு தண்ணீர் தேடிப் பாலைவனத்தில் அலைந்தவர்கள். அவர்களுடைய ஆட்டுமயிர்க் கூடாரம் மழையில் நனைந்தால் நூல் ஊதி ஓட்டையெல்லாம் அடைபட்டுவிடும் என்பீர்கள், என்னவோ நீங்களே நெய்த மாதிரி. வாடகை வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க விட்டீர்களா? "நாங்கள் கூடாரக்காரர், பிள்ளை. நாளைக்குக் கழட்டவேணும்." பாவம் அம்மா, நாட்காட்டியைக் கதிரையில் சாத்தி வைத்துத்தான் நாள் பார்த்தார்.

எனக்குக் குழம்புவது இதுதான். வாழ்நாளெல்லாம் கூடாரத்தில் இருந்த, எபிரேயரின் மூதாதையான அந்தக் கிழவர், சாவுக்கென்று மட்டும் அந்நிய மண்ணில் ஒரு துண்டு நிலம் வாங்கினார் என்றீர்கள். அவருடைய கொள்ளுப்பேரனோ தன் எலும்பை எகிப்தில் விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினான், சனம் அதைப் பாலைவனம் முழுக்கச் சுமந்தது என்றும் சொன்னீர்கள். உங்களுக்கு எது வேண்டும் என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டீர்கள். நீங்கள் இங்கே தங்கியவரா, சுமக்கப்பட வேண்டியவரா?

தம்பி கல்லை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாம் என்கிறான். அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? பேசாமல் விட்டுவிடலாமோ என்று எனக்குத் தோன்றும். அடுத்த நிமிடமே அதற்கு மனம் ஒப்பாது.

நேற்றும் தம்பியும் நானும் இதையே கதைத்துக்கொண்டிருந்தோம். பருப்பைக் கிண்டிக்கொண்டு நின்ற அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அந்த மனுசன் நிலம் வாங்கினது தனக்கில்லை. மனுசி செத்தபிறகு அவவுக்கெண்டு வாங்கினது. பிறகுதான் தானும் அவவுக்குப் பக்கத்தில போய்ப் படுத்தவர்."

"அதுக்கென்னம்மா இப்ப?"

"ஒண்டுமில்லை. எனக்கும் உங்கட அப்பாவுக்குப் பக்கத்தில இடம் கிடைக்கும் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்."

பலகை நட்டதிலிருந்து நாங்கள் இருவரும் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் அப்பா, வசந்தத்தில் வந்து கல்லைத் தூக்குவேன். பால்கனியில் கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டுச் சொந்தக்காரர் என்ன சொல்வாரோ, பார்ப்போம். கடைசியில் அம்மா எங்கே போய்ப் படுக்கிறாரோ, அங்கே அது அவருடைய தலைமாட்டுக்கு வரும். உங்கள் பெயருக்குக் கீழே அவருடைய பெயரையும் வெட்டுவிப்பேன். அந்த வரிசையையும் ஒருநாள் கலைப்பார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் உயிரோடு இருந்தால், உங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே தூக்குவேன்.

உங்கள் கூடாரத்து மூத்த மகள்,
ஜெனிற்றா