ஏழாம் நம்பர் மலைப் புழு

11.3.74, திங்கள். காலை 6.40. போத்தல் 9, புழு 31, அந்துப்பூச்சி பூஜ்யம்.
மழை இல்லை. தேயிலை வாடிக் கிடக்கிறது.
பச்சைப் புழு, கறுப்புத் தலை. இரண்டு இலையை நூலால் ஒட்டி உள்ளே இருந்து தின்கிறது. இலைச்சுருட்டிதான், நூற்றுக்குத் தொண்ணூறு. தோட்டத்துத் துரைக்கு அது போதாது. போத்தலில் புழு அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால் சிறகைப் பார்த்துப் பெயர் சொல்லிவிடலாம். இலைச்சுருட்டி என்றால் பூச்சிமருந்து கூடாது, அதை அழிக்கும் குளவியும் செத்துவிடும் என்று கண்டாக்கு வேலைப் பயிற்சியில் சொன்னார்கள். குளவியை யாரும் காட்டவில்லை.
துரை கொடுத்த தவணை வியாழன். தவறினால் ஏழாம் நம்பர் மலை முழுக்க மருந்து. பிறகு இரண்டு கிழமை அங்கே கொழுந்து எடுக்க முடியாது, எடுக்கிறவர்களுக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. அம்மாவும் அந்த மலையில்தான். வீட்டில் மாவு அரை டின்.

12, செவ்வாய்.
புழுவுக்கு இலை பறிக்கப் போனேன். கொழுந்து எடுக்கும் செல்லாயி நிரையிலிருந்து கத்தினாள்: "கண்டாக்கையா, எங்க புள்ளைக்குப் பாலு இல்ல, ஒங்க புள்ளைக்கு மட்டும் எளங்கொழுந்தா?" மலையே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.
புழுக்கள் சுருங்கிச் சாகின்றன. ஏன்?
சவரக்கத்தி வாங்க வேண்டும்.

13, புதன். காற்று.
எல்லாம் நாசம். செத்த புழுத் தோலுக்குப் பக்கத்தில் குருணை போலக் கொத்துக் கொத்தாய் ஏதோ. ஈ புகுந்து முட்டை வைத்திருக்கும். எரிச்சல். எட்டுப் போத்தலையும் வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். ஒன்பதாவதற்கு வெந்நீர் போதவில்லை.
அம்மா: "என்னடா ஆச்சு, மருந்தடிப்பாங்களா?"
"அடிக்க மாட்டாங்க. போய் வேலையப் பாருங்க."

14, வியாழன்.
காலையில் ஒன்பதாவது போத்தலைத் திறந்தேன். குருணையைக் கடித்துக்கொண்டு ஒன்று வெளியே வந்தது. மஞ்சள். கொசு அளவு. நான்கு சிறகு. ஈக்கு ஏது நான்கு?
குளவி. புழுவுக்குள்ளேயே வளர்ந்து, அதைத் தின்று, வெளியே வந்து கூடு கட்டியிருக்கிறது. அந்துப்பூச்சி வராததற்குக் காரணமே இதுதான். ஏழாம் நம்பர் தானாகவே தேறிக்கொண்டிருந்தது. எட்டுப் போத்தல் சாட்சியை அவித்தவன் நான்.
பங்களாவுக்கு ஓடினேன். துரை போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். அவருடைய தமிழ்:
"நான் அந்து கேட்டது. நீ கொசு காட்டுது."
"குளவி சார். புழுவ இதுதான் கொல்லுது."
"எத்தனை போத்தல்?"
"ஒன்னு, சார்."
"ஒன்று வைத்து மலை விட முடியாது மேன். நாளைக்கு மருந்து."
மேலும் பேசிப் பார்த்தேன். "யூ மே கோ" என்றார்.

நாளை:
1. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே ஏழாம் நம்பருக்குப் போவது. மருந்துப் பீப்பாய் ஏழரைக்கு வரும்.
2. கூடு உள்ள சுருட்டிலைகளை முடிந்தவரை பறித்து, மருந்து படாத எட்டாம் நம்பரில் கொட்டுவது. குளவி கொஞ்சமாவது மிஞ்சும்.
3. துரை கண்டால் மறைக்காமல் சொல்வது. வேலை போனால் போகட்டும்.
4. அம்மாவிடம் சொல்வது. இன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குக் கொழுந்து எடுக்க, அடுப்படியில் கூடைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருக்கிறார்.