தோளில் தங்கிவிட்ட கை

21-3-58, வெள்ளி. விருதுநகர்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. நாளைய நாடகத்துக்கான நோட்டீஸ் சிவகாசி அச்சாபீசிலிருந்து மாலையில் வந்தது. அதில் நான் இல்லை. என் கை மட்டும் இருக்கிறது.

போன மாதம் ராஜபார்ட் தங்கவேலுவோடு வேஷம் கட்டி ஸ்டுடியோவில் எடுத்த படம் அது. அவர் வேடன், நான் குறத்தி. பின்னால் அருவி வரைந்த திரை. ஸ்டுடியோக்காரர்தான் என் கையைத் தூக்கி அவர் தோளில் வைக்கச் சொல்லி, “அசையாதீக” என்றார். விளக்குச் சூட்டில் அரிதாரம் வழிய வழிய மூச்சைப் பிடித்து நின்றேன். இப்போது அந்தத் தோளில் வளையல் போட்ட கை ஒன்று பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நோட்டீஸ் கட்டை இறக்கிய அச்சாபீஸ்காரரைப் பிடித்துக் கேட்டேன்.

“தங்கவேலு அண்ணாச்சிதான் உங்களை வெட்டச் சொன்னாக. கையையும் வெட்டினா அவுக தோளும்ல சேந்து போயிரும்க்கா!”

நேரே தங்கவேலுவிடம் போனேன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, “அது யாரு கைன்னு எவன் கேக்கப் போறான்?” என்றார்.

நான் கேட்பேன். வேடனும் குறத்தியும் பாட்டிலேயே மல்லுக்கட்டும் தர்க்கத்தில், ஊரே உட்கார்ந்திருக்கும்போது, அதுதான் என் முதல் கேள்வி. அவர் பதில் பாடாமல் கதை ஓர் அடி நகராது. விடிந்தாலும் சரி, சுருதியை நிறுத்த வேண்டாமென்று ஆர்மோனியக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்து படுத்தேன்.