தேதி இல்லாத ராஜினாமா

ஏப்ரல் 9
காலையில் சிமெண்டு லாரி வந்தது. ஏழு மூட்டையில் ஈரம் ஏறியிருந்தது, திருப்பி அனுப்பினேன். லாரிக்காரன் சிரித்தான். "மாண்புமிகுவா இருந்துக்கிட்டு ஏழு மூட்டைக்குச் சண்டையா?" மாண்புமிகு பட்டம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை காலாவதியாகும். கடை அப்படியில்லை.

பிற்பகல் கட்சி அலுவலகத்திலிருந்து போன். ஜூன் சட்டமன்றக் கூட்டத்தில் லிங்காவ் அணை மசோதா வருகிறது. ஆளுங்கட்சிக்காரன் என்பதால் நான் கையைத் தூக்கியே ஆகவேண்டும். அணை வந்தால் தோமிஸ் கிராமம் முழுகிவிடும். தோமிஸ் என் தொகுதி. என் மனைவி வில்ஃப்ரிடா பிறந்த ஊரும் அதுதான். வீட்டில் சொல்லவில்லை.

ஏப்ரல் 11
சொல்லாமலே தெரிந்துவிட்டது. அவள் அண்ணன் கிந்தோல்தான் தோமிஸ் ஊர்த்தலைவர், அவனுக்கு எல்லாம் முன்னாலேயே எட்டிவிடும்.

மீனை நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"தேர்தலப்ப அங்க மேடையில நின்னு என்ன சொன்னீங்க?"

"அணை வராதுன்னு சொன்னேன்."

"கட்சி சொல்லுதுன்னு சொன்னீங்களா, நீங்க சொல்றதாச் சொன்னீங்களா?"

"நான்தான் சொன்னேன்."

"அப்ப கட்சியை ஏன் பாக்குறீங்க?"

எலுமிச்சை பிழிந்த பச்சை மீன் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கு வாயில் வைக்க முடியவில்லை.

ஏப்ரல் 15
யாரிடமும் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் நான்கு முறை கட்சி மாறியவன். முதல் கட்சி தானாகவே உடைந்தது, அதில் என் தவறு இல்லை. இரண்டாவதை விட்டது தொகுதிக்குத் தார்ச்சாலை வாங்க. சாலை வந்தது, அதற்கு ஜல்லி என் கடையிலிருந்து போனது. மறைக்க ஒன்றுமில்லை. மூன்றாவது முறை துணை அமைச்சர் பதவிக்காக. நான்காவது முறை எல்லோரும் கிளம்பினார்கள், நானும் கிளம்பினேன். ஊரில் எங்களைப் போன்றவர்களுக்குத் தவளை என்று பெயர்.

இந்த ஐந்தாவது கட்சி சீட்டுக் கொடுத்த அன்று, ஓட்டல் அறையில் வேட்பாளர்கள் எல்லோரையும் உட்கார வைத்துத் தலைவர் டத்தோ சுலாய்மி ஆளுக்கொரு காகிதம் நீட்டினார். "கட்சியிலிருந்து விலகுகிறேன்." கீழே கையெழுத்துக்கு இடம். தேதி மட்டும் இல்லை. விசுவாசத்துக்கு அடையாளமாம். வெற்றுக் காசோலையில் ஒருநாளும் கை வைக்காத நான் அதில் போட்டேன். ஏன்? அன்றைக்கு அந்தக் காகிதத்துக்குப் பல் கிடையாது. கட்சியை விட்டாலும் பதவி நம்மோடேயே வரும்.

அதன்பிறகுதான் தாவல் தடைச் சட்டம் வந்தது. தானாக விலகுபவன் பதவியை இழப்பான். கட்சியே விலக்கினால் இழக்கமாட்டான். இப்போது அந்தக் காகிதத்துக்கு முப்பத்திரண்டு பல். மசோதாவை எதிர்த்தால் சுலாய்மி ஒரு தேதி எழுதினால் போதும், நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஏப்ரல் 22
எதிர்க்கட்சியில் எனக்கு ஒரு பழைய நண்பர். அவரைத் தலைநகர் கே.கே.யில் பார்த்தேன். கோப்பி வரும்முன்பே விஷயத்தை முடித்துவிட்டார்.

"முன்னாடின்னா நீங்க வந்தா கூடவே நாற்காலியும் வரும். இப்ப நீங்க மட்டும்தான் வருவீங்க. வெறும் ஆளை வச்சு நான் என்னண்ணே பண்றது?"

நியாயம். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 29
ஒரு வழி இருக்கிறது. அவர்களே என்னைத் தூக்கி எறியவேண்டும்.

மே 3
நிருபர்களைக் கடைக்கு வரவழைத்தேன். பெயிண்ட் டப்பாக்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, "எங்கள் தலைவருக்கு ஆறு தெரியாது, மலை தெரியாது, ஒப்பந்தக்காரர்களை மட்டும்தான் தெரியும்" என்றேன். நாளைக்குள் நீக்கக் கடிதம் வந்துவிடும்.

மே 4
வரவில்லை.

மே 6
சுலாய்மி கூப்பிட்டனுப்பினார். பலாப்பழத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். முகத்தில் கோபமே இல்லை.

"நல்லாப் பேசினீங்க. நம்ம கட்சியில யாரும் எதையும் பேசலாம்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

"நான் உங்களைத் திருடன்னே சொல்லிட்டேன் டத்தோ."

"அப்படிச் சொல்லலையே. சொல்ற மாதிரி வந்துட்டு வளைஞ்சு போயிட்டீங்க." சிரித்தார். "உங்களை நான் நீக்குவேனா? வீட்டை விட்டுத் துரத்தினா நாற்காலியையும் தூக்கிட்டுப் போயிருவீங்க. அதுக்கு நான் ஆளில்ல. சாப்பிடுங்க, பழம் இனிப்பா இருக்கு."

வெளியே வரும்போது மாநில மீன்வள நிறுவனத்துக்கு நான் தலைவர். உத்தரவைத் தயாராகவே வைத்திருந்தார். நாற்பது வருடமாகப் பேரம் பேசுகிறவன் நான். இப்படி ஒருவர் என்னைக் கட்டிப்போட்டு விட்டாரே.

மே 7
ஃபூயி கடைக்கு வந்தான். வாரச்சந்தையில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்தில் சாக்கு விரித்து இஞ்சி விற்றவர்கள். அவன் மட்டும்தான் என்னைப் பயப்படாமல் கிண்டல் பண்ணுவான்.

"என்னப்பா தவளையாரே, கிணத்துக்கு மூடி போட்டுட்டாங்களாமே?"

"சிரிக்காதே லா."

"நான் சிரிக்கல. உள்ள தண்ணி இருக்கான்னு கேக்குறேன்."

மே 12
தோமிஸில் கூட்டம். தேவாலயப் பூசை முடிந்து, அங்கேயே பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு. எங்கள் ஜனத்தில் கொடுத்த வாக்கு தவறினால் சொகிட் என்னும் தண்டம் கட்டவேண்டும். எருமையோ பன்றியோ, தவறுக்கு ஏற்ற மாதிரி. அது வாங்குகிறவனின் லாபத்துக்கு இல்லை, தவறினால் ஊர்மேல் ஏறும் சூடு இறங்குவதற்கு. அதற்குத் தயாராகத்தான் போனேன். எழுந்து நின்று நானே சொன்னேன்: "மசோதாவுக்குக் கை தூக்கினா ரெண்டு எருமை கட்டுறேன். இப்பவே சொல்றேன்."

ஒருவர் இருமினார். பிறகு கிந்தோல்:

"வேணாம் மாப்ள."

"மூணு?"

"எருமைக் கணக்கு இல்ல இது. வாக்கு இருந்து தவறினவன்கிட்டத்தான் நாங்க சொகிட் கேப்போம். உங்ககிட்ட யாரும் வாக்கை எதிர்பார்க்கல. சாலை கேட்டோம், போட்டீங்க. அதுக்கு நன்றி. உக்காருங்க."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். சிமெண்டு விலை கேட்பதுபோல, அத்தனை சாதாரணமாகச் சொன்னான்.

மே 20
வில்ஃப்ரிடா பெட்டியோடு தோமிஸ் போய்விட்டாள். சண்டை இல்லை. "முழுகுறவரைக்கும் அங்க இருக்கேன்" என்றாள்.

மே 31
அறுவடைத் திருவிழா. மேடையில் தொப்பி போட்டுக்கொண்டு ஆடினேன். போட்டோவில் சிரித்த முகம்.

ஜூன் 18
கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதிர்த்தால் பதவி போகும், மீன்வள நிறுவனம் போகும், அரசாங்க வேலைக்குக் கடையிலிருந்து சரக்குப் போவது நிற்கும். இனி எந்தக் கட்சியும் சீட்டுத் தராது. ஆதரித்தால் எல்லாம் இருக்கும். வீட்டுக்கு மட்டும் ஆள் வராது.

நடுவில் ஒன்று உண்டே! வாக்கெடுப்பு அன்று ஆஸ்பத்திரியில் படுத்துவிடுவது. டாக்டர் தெரிந்தவர்தான். ஃபூயியிடம் சொன்னேன்.

"நல்ல யோசனை. எந்த வியாதி?"

"ரத்த அழுத்தம்."

"அது உனக்கு உண்மையிலேயே இருக்கேப்பா. நீ பொய் சொல்லப் போறேன்னுதானே நினைச்சேன்."

ஜூன் 27
லிக்காஸ், சட்டமன்றம். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காரணம் என்னவென்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பெரிய துணிச்சல் எல்லாம் இல்லை. "உக்காருங்க" என்ற அந்தச் சொல் மட்டும் காதிலேயே இருந்தது. எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்று சபாநாயகர் சொன்னபோது எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தப்பா நிக்கிறீங்க, அது எதிர்க்கட்சி வாக்கு!"

"தெரியும்" என்றேன்.

ஒரே வாக்கு வித்தியாசத்தில் மசோதா தோற்றது.

ஜூன் 28
என் ராஜினாமா ஏற்கப்பட்டதாகச் சபாநாயகர் அலுவலகத்திலிருந்து கடிதம். கூடவே நான் கையெழுத்திட்ட அந்தக் காகிதத்தின் நகல், தேதி இன்றையது. எழுத்து என்னுடையதில்லை. வழக்குப் போடலாம் என்றார் வக்கீல். தீர்ப்பு வரும்போது சட்டமன்றமே கலைந்திருக்கும் என்பதையும் அவரே சொன்னார்.

ஜூலை 2
பத்திரிகையில்: "ஐந்தாவது தாவல் - எவ்வளவுக்கு?" கோப்பிக் கடையில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். மாறாமல் நின்ற ஒரே முறை இதுதான், அதையும் தாவல் என்கிறார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஜூலை 5
வில்ஃப்ரிடா வந்துவிட்டாள். பெட்டியை வைத்துவிட்டு நேராகக் கடைக்குப் போய் ஸ்டாக் சரிபார்த்தாள். "ஆணி ரொம்பக் குறைஞ்சிருக்கு, பாக்கலியா?" அவ்வளவுதான்.

ஜூலை 30
இடைத்தேர்தல் ஆகஸ்ட் 24. இந்த ஒரு தொகுதியை ஜெயித்தால் மசோதாவை மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றிவிடலாம். சுலாய்மிக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். யாரை நிறுத்துவார்?

ஆகஸ்ட் 4
கிந்தோல் புதுச் சட்டையில் வந்தான். பையில் கட்சிக் கொடி. இடைத்தேர்தலில் சுலாய்மியின் வேட்பாளர் இவன்தான். அவனே பேச்சை ஆரம்பித்தான்.

"திட்டாதீங்க மாப்ள. மேல, மலைச்சரிவுல புது ஊர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் காங்கிரீட் வீடு. புதுத் தேவாலயம். மின்சாரம், பள்ளிக்கூடம். எழுத்துல வாங்கிட்டேன். வெளியில நின்னு கத்தினா இதெல்லாம் கிடைக்குமா? அணை எப்படியும் வரும்."

விலை நன்றாகத்தான் பேசியிருக்கிறான். நானாக இருந்தால் இரண்டு பாலமும் சேர்த்துக் கேட்டிருப்பேன். அதைச் சொன்னேன். உடனே காகிதம் எடுத்து எழுதிக்கொண்டான்! எனக்குச் சிரிப்பு வந்தது. என் தேர்தல் ஆட்களின் பட்டியலைக் கேட்டான். கொடுத்தேன்.

வில்ஃப்ரிடா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அண்ணன் போகும்போது "சாப்பிட்டுட்டுப் போ" என்று ஒரு குரல்கூட இல்லை.

ஆகஸ்ட் 17
கிந்தோல் ஜெயிப்பான் என்கிறார்கள். தோமிஸ்காரர்களே அவனோடு வண்டியில் போகிறார்கள். எனக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை, சிமெண்டு மட்டும் வாங்குகிறார்கள்.

ஆகஸ்ட் 24
காலை எட்டு மணிக்கே பள்ளிக்கூட வாசலில் வரிசை. மறைவுக்குள் போய் நெடுநேரம் நின்றேன். ஐந்து சின்னத்துக்காகப் பேசியவன், இன்றைக்கு இரண்டு பெயருக்கு முன்னால் பென்சிலைப் பிடித்தபடி நிற்கிறேன். அவனுக்குத்தான் போட்டேன். மைத்துனன் வேறு, அந்தக் காங்கிரீட் வீடுகள் வேறு. யாராவது வாங்கிக் கொடுக்கட்டுமே என்று.

வெளியே வந்ததும் விரல் மையைத் துடைத்துக்கொண்டே வில்ஃப்ரிடா கேட்டாள்.

"யாருக்கு?"

"உங்க அண்ணனுக்கு."

கொஞ்ச தூரம் நடந்தோம். மீன் கடையில் நின்று ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"நான் அண்ணனுக்குப் போடல" என்றாள்.