ஜவ்வரிசியும் வலது கையும்

4-7-88, திங்கள்

ராஜபாளையம். விடிந்ததிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. இடது கையால் எழுதுவது கோழி கிண்டின மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். யார் படிக்கப் போகிறார்கள்.

மகள் வீட்டில் இரண்டாவது மாதம். நானாக வரவில்லை. வாதம் வந்து விழுந்தவனை மகளும் மாப்பிள்ளையுமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பேச்சு திரும்பிவிட்டது. கால் பரவாயில்லை. வலது கை மட்டும் மடியில் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி மகள் சரசுவின் இடுப்பில். (இனிமேல் ஸ்ரீவி. என்றுதான் எழுதுவேன். நீளப் பெயருக்கு இந்தக் கை ஒத்துவரவில்லை.)

பம்புசெட் மோட்டார் எரிந்தால் வன்னியம்பட்டி, கூமாப்பட்டியிலிருந்தெல்லாம் என்னிடம்தான் செம்புக் கம்பிக் காயில் கட்டக் கொண்டுவருவார்கள். யாரிடமும் கற்கவில்லை. பழைய மோட்டாரைப் பிரித்துப் பிரித்துக் கட்டியே படித்தது. அப்பேர்ப்பட்டவனுக்கு இப்போது மகள் சோறு ஊட்டுகிறாள். ஒரு வாய் பேத்தி மீனாவுக்கு. ஒரு வாய் எனக்கு. மீனாவுக்கு ஒன்றரை வயது.

ஸ்பூன் கொடுத்தார்கள், இடது கையில் பிடிக்கச் சொல்லி. மாட்டேன். அது கழுவுகிற கை.

இன்று கேட்டுவிட்டேன். என்னை எப்போது அனுப்புவாய் என்று.

"ஒரு தட்டு சோத்தை வலது கையால நீங்களே பிசைஞ்சு சாப்பிடுங்க. அன்னைக்கே சாவியைக் குடுத்து பஸ் ஏத்தி விடுதேன்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

மாப்பிள்ளை சாட்சி. மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார்.

6-7-88, புதன்

சாரல் விட்டுவிட்டது. பேனாவுக்கு ரீபிள் சொல்ல வேண்டும்.

டாக்டர் கொடுத்த ரப்பர் பந்து அலமாரி மேல். தொட மாட்டேன். நாய்க்குட்டிக்குப் போடுகிற சாமான். "அமுக்குங்க பெரியவரே, அமுக்குங்க" என்கிறார். எதற்கு? அமுக்கினால் என்ன கிடைக்கும்?

சரசு பால்வாடி டீச்சர். பயிற்சியில் ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் முற்றத்தில் உரச்சாக்கைக் கிழித்து விரித்தாள். பேசின் நிறைய வேகவைத்த ஜவ்வரிசி. பீட்ரூட் சாறு ஊற்றி ரோஸ் கலர். மீனாவை ஜட்டியோடு நடுவில் உட்கார வைத்துவிட்டாள்.

"என்னட்டி இது? பாயசமா?"

"விளையாட, அப்பா. பிள்ளைக்குக் கையில பிசுபிசுன்னு படணும். கொழகொழன்னு, நறநறன்னு எல்லாம் தெரியணும்."

"திங்கிற பண்டத்தை மிதிக்கவா பெத்து வச்சிருக்க?"

"வாயில போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் திங்கிற பண்டம். செத்த நேரம் பாத்துக்கிடுங்க, உலை வச்சிட்டு வாரேன்."

பார்த்துக்கொண்டேன். தலையில் தேய்த்தது. தொப்புளில் தேய்த்தது. ஒரு குத்து அள்ளிச் சுவரில் அடித்தது. பக்கத்து வீட்டு ராஜம்மா எட்டிப் பார்த்து "அய்யய்யோ, ஏமி இதி" என்று தெலுங்கில் சிரித்துவிட்டுப் போனாள். எனக்கும் அதே கேள்விதான், என்ன இது.

9-7-88, சனி

மறுபடி ஜவ்வரிசி. காவலுக்கு மறுபடி நான். தரையில் உட்கார்ந்தேன், நாற்காலியிலிருந்து எட்டாததால்.

மீனா என் வலது கையைக் கட்டை விரலில் பிடித்து இழுத்துப் பேசினுக்குள் போட்டாள். எனக்கு இழுத்துக்கொள்ளத் தெரியவில்லை. அவள் இழுத்த திசையில் கை போயிற்று. ஒன்றும் உறைக்கவில்லை. அவள் மேலே அள்ளிக் கொட்டினாள். பிறகு விரல் இடுக்கில் ஒட்டின மணிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து வாயில் போட்டாள். முதலில் கட்டை விரல் பக்கம். கடைசியாகச் சுண்டு விரல்.

சுண்டு விரலில் கிள்ளியது தெரிந்தது.

திரும்ப அதே இடத்தில் ஜவ்வரிசியைத் தடவிக் காட்டினேன். கிள்ளினாள். திரும்பவும் தெரிந்தது. நகம் வளர்ந்திருக்கிறது பிள்ளைக்கு.

சரசுவிடம் சொல்லவில்லை. சொன்னால் பந்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

14-7-88, வியாழன்

கரண்ட் இல்லை. விசிறி மட்டையோடு காலம்.

இன்று மைதாக் கூழ், மஞ்சள் போட்டு. கட்டி கட்டியாக இருந்தது. காயிலுக்கு வார்னிஷ் போட்டவனுக்குப் பதம் தெரியாதா? பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்துவிட்டு அப்புறம் கொதிக்க விடச் சொன்னேன். சொன்னபடி செய்தாள். வழவழவென்று வந்தது.

இதுவரை போட்டது: ஜவ்வரிசி (குளிர்ச்சி, வழுக்கும்). கேப்பைக் கூழ் (ஒட்டும், மீனாவுக்குப் பிரியம்). மைதா (இன்றுதான் சரி). ஈர மணல் (வாயில் போட்டது, நிறுத்தியாயிற்று). நான் புளியங்கொட்டை போடலாம் என்றேன். தொண்டையில் சிக்கும் என்றாள் சரசு. நியாயம். மறுக்கவில்லை.

கேப்பைக் கூழ்தான் எனக்கும். விரலை வெளியே இழுக்கையில் அது விடாமல் பிடிக்கிறது. பதிலுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. நடு விரலும் மோதிர விரலும் மடங்குகின்றன. கட்டை விரல்தான் பிடிவாதம். யாரைக் கொண்டு பிறந்ததோ.

சரசு சமையலறையிலிருந்து: "பந்தைத் தொட மாட்டேன்னவியதானே நீங்க?"

"பிள்ளையைப் பாத்துக்கிடச் சொன்னது நீதானே?"

21-7-88, வியாழன்

மாப்பிள்ளை ஷிப்டு முடிந்து சீக்கிரம் வந்துவிட்டார். நானும் மீனாவும் முழங்கை வரை பீட்ரூட். என் நெற்றியிலும் இருந்ததாம்.

"மாமா, ரெண்டு பேரையும் சேத்தே குளிப்பாட்டிடவா?"

தமாஷுக்குத்தான் சொன்னார். எழுந்து உள்ளே போய்விட்டேன். அறுபத்தெட்டு வயதில் இது வேறு. ராத்திரி சரசு ஊட்ட வந்தாள், பசியில்லை என்றேன்.

23-7-88, சனி

இரண்டு நாளாக முற்றத்துக்குப் போகவில்லை. பந்தை இறக்கிப் பார்த்தேன். அமுக்கினேன். சலிப்பு. அது எதையும் கேட்கவில்லை, எதையும் கொடுக்கவில்லை.

கை மறுபடி கனக்கிறது. பயமாக இருக்கிறது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

சாயங்காலம் மீனா உரச்சாக்கைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு என் கட்டிலடிக்கு வந்தாள். பின்னாலேயே மாப்பிள்ளை, கையில் பேசின்.

"அன்னைக்குச் சொன்னதை மனசுல வைக்காதிய, மாமா. பிள்ளை நீங்க இல்லாம உக்கார மாட்டேங்குது."

வைத்துத்தான் இருக்கிறேன். ஆனால் இறங்கி உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். மில்லில் தேய்ந்த கை, கூழைத் தொடவே கூசுகிறது அந்த மனுஷனுக்கு. மீனா தன் கையை அவர் வேட்டியில் துடைத்தாள்.

1-8-88, திங்கள்

பரீட்சை. நானே கேட்டு வாங்கினேன். தரையில் வாழை இலை, ரசம் சோறு.

பிசைந்தேன். பிசைய முடிகிறது. அள்ளினேன், வாய்க்குப் போவதற்குள் விரல் இடுக்கில் எல்லாம் ஒழுகிவிட்டது. இரண்டாவது வாயும் அப்படியே. மூன்றாவது முழங்கையில். சரசு அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். மீனா மட்டும் என் மடியில் சிந்தினதைப் பொறுக்கித் தின்றாள். அவளுக்கு நான் தோற்றது தெரியவில்லை. இதுவும் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

கட்டை விரல்தான் காரணம். சோற்றைத் தள்ளிவிடுவது அதன் வேலை. செய்யவில்லை.

2-8-88, செவ்வாய்

காலையிலேயே கேப்பை கிண்டச் சொன்னேன், கெட்டியாக. சரசு பால்வாடிக்குப் பிந்திவிட்டது என்று முனகிக்கொண்டே கிண்டினாள். உருண்டை பிடித்துக் கட்டை விரலால் அமுக்கிக் குழி பண்ணினேன். மீனா அந்தக் குழியில் தன் விரலை விட்டாள். அவ்வளவுதான் ஆட்டம். மத்தியானம் வரை. கட்டை விரல் வலிக்கிறது. வலிக்கிறது என்று எழுதவே நன்றாக இருக்கிறது.

5-8-88, வெள்ளி

ஒரு தட்டு. சாம்பார் சோறு, அவரைக்காய். கடைசிப் பருக்கை வரை. மீனா பக்கத்தில் தன் தட்டில், அவளும் தன் கையாலேயே. இரண்டு பேருக்கும் ஊட்டாமல் சரசு கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"சாவி."

"இது ஆடி மாசம், அப்பா. ஆடியில யாரும் குடி போவாங்களா? ஆவணி பொறக்கட்டும்."

"குடி போகலட்டி. என் வீட்டுக்குப் போறேன்."

"பொறவு தனியா என்ன சாப்பிடுவிய?"

"பிசையத் தெரிஞ்சவனுக்குப் பொங்கத் தெரியாதா?"

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். "சாட்சி சொல்லிருக்கேன், சரசு. குடு." சாவியை வலது கையில் வைத்தாள். சில்லென்று இருந்தது.

நாளைக் காலை பஸ். மாப்பிள்ளை கூட வருகிறார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மீனாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது என் நிபந்தனை. சரசு ஒத்துக்கொண்டாள்.

7-8-88, ஞாயிறு

ஸ்ரீவி. வெயில். வீட்டில் தூசி, எறும்பு, நிம்மதி. இந்தத் தேதி வலது கையால் எழுதியது. மீதி இடது.

பொங்கியது: சோறு (குழைந்துவிட்டது), துவையல்.

விடிந்ததும் ஜவ்வரிசி வேகவைத்து ஆற வைத்தேன். பீட்ரூட் கிடைக்கவில்லை, மஞ்சள்தான். உரச்சாக்கு விரித்து உட்கார்ந்தும்விட்டேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக, "அண்ணாச்சி, யாரு விளையாடவாம் இது?"

"எனக்கு."

"பேத்தி வருதுன்னிய?"

"அவளுக்கும் உண்டு."

பஸ் பத்தரைக்கு. பதினொன்று ஆகப் போகிறது. அப்படியே விட்டால் கெட்டியாகிவிடும், நடுநடுவே பிசைந்துகொண்டே இருக்கிறேன், பேனாவில் எல்லாம் ஒட்டு. தெருவில் செருப்புச் சத்தம். சின்னச் செருப்பு, கூடவே பெரியது. வந்தாயிற்று, மீதி அப்புறம்.