ஊதா விளக்கில் மின்னிய கழுகு

மூன்று வருஷமாக என் போனை எடுக்காதவனுக்கு,

எழுபத்தொன்றாம் வருஷப் போரில் விமான மெக்கானிக்காக இருந்த உன் அப்பா, தாமே தையல்காரரிடம் சொல்லித் தைத்துக்கொண்ட கழுகு பேட்ஜைப் பின்னாளில் செய்த போலி என்றேனே? மற்ற சோதனைகளிலெல்லாம் அது தேறியது. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் மட்டும் மின்னியது. அந்தக் காலத்து நூல் மின்னாது என்று அடித்துச் சொன்னேன்.

நேற்று ஆயுத பூஜைக்காக என் மனைவி, நான் சேர்த்துவைத்திருக்கும் அசல் பழைய பேட்ஜ் ஒன்றைத் துவைத்துவிட்டாள். "ஒரே அழுக்குங்க, சோப்புத் தூள்ல ஊற வெச்சேன்" என்றாள். கத்திக்கொண்டே அதன்மேல் ஊதா விளக்கைக் காட்டினேன். இதுவரை மின்னாதது, தசரா அரண்மனை மாதிரி ஜொலிக்கிறது!

மின்னுவது சோப்புத் தூளடா!

அன்றே உன் அம்மா கேட்டார்: "வருசா வருசம் தொவைச்சு சாமிகிட்ட வெக்கறேன், இது போலியா?" எனக்குத்தான் உறைக்கவில்லை.

நாளை முதல் பஸ்ஸில் குண்டலுபேட்டை வருகிறேன். அம்மாவைத் துடைப்பத்தோடு நிற்கச் சொல்.

முதுகைத் தயாராக வைத்திருக்கும்
உன் மைசூர் நிபுணன்